எண்பத்தெட்டு மார்க்

குணவதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ரோஸ்டர் என்கிற வேலை அட்டவணை கணினியில் திறக்கவில்லை என்றதும், வேலையிடத்து உதவி எண்ணில் பேசிய பெண், பிரவுசரில் சேர்ந்து கிடக்கும் பழைய தடயங்களைக் கொஞ்சம் அழித்துப் பார்க்கச் சொன்னாள். 'கொஞ்சம்' என்ற சொல் குணவதியின் காதில் விழவில்லை. தெரிந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் சரி போட்டாள். எந்தக் காலத்துத் தடயம் என்று கேட்டதற்கு ஆதிகாலத்திலிருந்து என்று பதில் கொடுத்து, பொத்தானை அழுத்தினாள். அவள் மேற்பார்வை பார்க்கும் முதியோர் இல்லச் சமையலறையின் அடுத்த வார ரோஸ்டர் பளிச்சென்று திறந்துகொண்டது.

வெற்றிதான். ஆனால் கணினி அவளுடையது இல்லை, புருஷனுடையது. அவர் திறந்து வைத்திருந்த வானொலிப் பக்கத்தை மரியாதையாக மறுபடி திறந்து வைக்கப் போனவள், அதன் வலப்பக்கத்தில் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்த பெயர்களைக் காணாமல் திகைத்தாள். அந்த இடம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது.

ஆனந்தராசா விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவர். பேச்சுக்கும் அவருக்கும் வெகு தூரம். கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்பார், கலியாண வீட்டில் வாசலுக்குக் கிட்டவுள்ள கதிரையில் இருப்பார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வானொலி. லின்ஃபீல்டில் அவர்கள் வாங்கிய வீடோ ஒரே காணியில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டில் பின்வீடு. முன்வீட்டுக்காரர் கையெழுத்து வைக்காமல் கூரையில் ஓர் ஏரியல் கம்பி கட்ட முடியாது, அந்த மனிதர் எதிலும் கையெழுத்து வைக்கிற சாதி இல்லை. அதனால் ஆனந்தராசா இணையத்தில் வானொலி கேட்டார். வடக்கே ஒரு மலைச்சரிவில் ஒரு வானொலிக் கழகம் பெரிய ஏரியலோடு ஒரு வானொலிப் பெட்டியை நிறுத்தி, அதை இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. யாரும் தங்கள் வீட்டு நாற்காலியிலிருந்தே அதைத் திருகலாம்.

திருகித் திருகி ஒரு குரல் நன்றாகக் கிடைத்துவிட்டால், அதன் அலைவரிசை எண், அலையின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, எவ்வளவு அகலம், இரைச்சலை எவ்வளவு வெட்டுவது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். பிறகு அந்தப் பெயரை அழுத்தினால் போதும், பெட்டி தானாகப் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். ஆனந்தராசா வருடக்கணக்காக அப்படிச் சேமித்து வைத்திருந்தார். அதெல்லாம் மலையிலிருக்கும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் குணவதி நினைத்திருந்தாள். இருந்தது இந்தக் கணினியின் பிரவுசருக்குள். அதைத்தான் அவள் ஆதிகாலத்திலிருந்து துடைத்திருந்தாள்.

வேறு நாளென்றால், "அழிஞ்சு போச்சு, திரும்பச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டிருப்பாள். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம்தான் அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கழகத்தின் ஆண்டுக் கூட்டம் வெலிங்டனில். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் அரட்டைப் பெட்டியில் மட்டுமே அறிந்த நண்பர்களை அவர் முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறார். மலைப் பெட்டிக்கு அவரையே பொறுப்பாளராக்க யோசிக்கிறார்கள். அவருடைய பட்டியலைக் கழகம் எல்லாருக்கும் பொதுவாக வெளியிடப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரிடம் யாரும் ஒரு பொறுப்பும் கொடுத்ததில்லை, குணவதி உட்பட. போகிறபோது அந்த மனிதர் இரண்டு தடவை முடி வாரினார். அதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு பிசைந்தது.

ஆனால் பிசைந்த நெஞ்சோடு உட்கார்ந்திருப்பது அவள் பழக்கமில்லை. அவர் அறைக்குள் வானொலி கேட்கிறபோதெல்லாம் நடையில் நின்று துணி மடித்தவள் அவள். எந்தக் குரல் எந்த எண்ணில் என்று அவர் வாய்க்குள் முணுமுணுப்பது பாதி அவளுக்கும் பாடம். மீதியைக் காதால் பிடிக்கலாம். இதென்ன பெரிய வித்தை?

பக்கம் முதலில் பெயர் கேட்டது. பக்கம் அவருடையது என்பதால் 'ஆனந்தராசா' என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் பாதிப் பட்டியலைப் பிடித்துவிட்டாள். மீன்பிடிப் படகுகளின் கடற்காற்று அறிக்கை கிடைத்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் இருமுகிற ஒருவர் கிடைத்தார், அவருக்குப் புருஷன் வைத்திருந்த பெயரும் 'இருமல்' என்பதுதான். விமானங்களோடு கதைக்கும் அலுப்புக் குரல் ஒன்றும் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றி, சேமி என்பதை அழுத்தி, அடுத்ததற்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் பட்டியலில் ஒரே ஒரு பெயர். கடைசியாகப் பிடித்தது. மேலே இருந்த ஒரே வரிசையில் அத்தனையையும் ஒன்றின் தலைமேல் ஒன்றாகச் சேமித்திருந்தாள்.

மறுபடி ஆரம்பித்தாள். இம்முறை வரிசை வரிசையாகச் சேமித்தாள். ஆனால் எங்கேயோ ஒரு பொத்தான் இடம் மாறிவிட்டது, குரலெல்லாம் தாரா வாத்து கத்துகிற மாதிரி வந்தது. எண் சரி, அகலம் சரி, இருமுகிறவர் கூடத் தாராவாக இருமினார். அதைச் சரிப்படுத்த இன்னும் நாலு பொத்தான்களை அழுத்தியதில் தாரா போய்த் தவளை வந்தது.

இனிக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அரட்டைப் பெட்டியில், குரலெல்லாம் கெட்டுப்போயிற்று, என்ன செய்யலாம் என்று எழுதினாள். பெவன் என்ற ஒருவர் உடனே பதில் போட்டார். அந்தப் பதிலின் தொடக்கத்தில் ஓ, எம் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் நின்றன.

குணவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வி கேட்டதும் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்று தொடங்குகிறவர்கள் உலகத்தில் ஒரே சனம்தான், அவளுடைய சனம். பெவன் என்பது பவானந்தனின் சுருக்கமாக இருக்கும், இங்கே பிள்ளைகள் அப்படித்தானே பெயரைக் கொத்திக் குதறி வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, அவருக்கு ஊர் எது, சாவகச்சேரியா பருத்தித்துறையா என்று விசாரித்தாள். பெவன் மூன்று கேள்விக்குறிகளை அனுப்பினார். இங்கே பிறந்து தமிழை மறந்து, ஓம் மட்டும் மிஞ்சின பிள்ளை என்று அவள் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள்.

பெவன் பொறுமைசாலி. கீழ்ப்பக்கத்தில் இருக்கவேண்டியது மேல்பக்கத்தில் நிற்கிறது, மாற்றிவிட்டுச் சேமி என்றார். மாற்றினாள். தாராவும் தவளையும் போய் மனிதக் குரல் வந்தது. விடுபட்ட எண்கள் சிலவற்றையும் அவரே எழுதித் தந்தார். முடிவில் '73 ஓஎம்' என்று போட்டுவிட்டு விலகினார்.

எழுபத்துமூன்று?

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் குழம்பியிருப்பார்கள். குணவதிக்கு ஒரு நொடி போதும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விடைத்தாள் திருத்துகிறவள் அவள். அதோடு நில்லாமல், கலியாண வீட்டுச் சாப்பாடு, அடுத்த வீட்டுப் புல்வெட்டு, முதியோர் இல்லத்துக் கஞ்சி என்று கண்ணில் பட்டதுக்கெல்லாம் மார்க் போடுகிறவள். அவளுக்கா தெரியாது? நன்றாகக் கேட்டுத் திருத்திக்கொண்டதற்குப் பெவன் மார்க் போட்டிருக்கிறார். எழுபத்துமூன்று, ஓம், பாஸ்.

மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு எண் தந்து உதவினார்கள். எல்லாரும் போகும்போது எழுபத்துமூன்றே போட்டார்கள். இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மார்க் போட்டு ஊக்குவிக்கிறவர்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கொலின் என்பவர் ஏரியல் கம்பியைச் சரிபார்த்துவிட்டேன் என்று எழுதியதற்கு, மார்ஜரி என்ற பெண் '88' என்று போட்டதைக் குணவதி கவனித்துவிட்டாள். ஆக, உண்மையாகவே உழைத்தவனுக்கு எண்பத்தெட்டு. அதி விசேட சித்தி, முதல் தரப் பாஸ்.

தன் புருஷனுக்காக இத்தனை பேர் பாடுபட்டிருக்க, வெறும் எழுபத்துமூன்று போட்டு அனுப்புவது கஞ்சத்தனம். அவள் பேனா என்றைக்கும் தாராளம். பெவனைத் தேடிப் பிடித்து 88 போட்டாள். பிறகு அவர், "மெல்ல, ஓஎம், மெல்ல" என்று எழுதினார். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

டவ்போ என்ற ஊரிலிருந்து ஒருவர், 'இருமல்' இருக்கும் சரியான அகலத்தை அளந்து சொன்னவர், தனக்குக் கிடைத்த 88ஐப் பார்த்துவிட்டுத் தான் கல்யாணமானவன் என்று தெரிவித்தார். சம்பந்தமில்லாத தகவல்தான். ஆனாலும் குடும்பத்தை விசாரிப்பது நம் பண்பாடல்லவா? "மிகவும் சந்தோஷம், உங்கள் மனைவிக்கும் 88" என்று எழுதினாள். அவர் மறுபடி எழுதவில்லை.

கழகத் தலைவர் டெஸ்மண்ட் வயதானவர், மனைவியை இழந்தவர். புருஷனின் பேச்சில் அடிக்கடி வருகிற ஒரே பெயர் அவருடையது. அவர்தான் கடைசியாக வந்து, பட்டியல் முழுவதையும் வரிசையாகச் சொல்லச் சொல்லி, பிழைகளைத் திருத்தி, இனிமேல் தொலையாதபடி ஒரு கோப்பாகவும் இறக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். குணவதிக்குக் கண் கலங்கியது. ஒரு 88 போதாது. 88 88 என்று இரண்டு தரம் போட்டாள். நாளை அவரைச் சந்திக்க ஆவலாக இருப்பதாகவும், புருஷனின் சார்பில், ஒரு வரி சேர்த்தாள்.

பட்டியல் முழுசாக மீண்டுவிட்டது. சாப்பிடவும் மறந்திருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஆனந்தராசா தொலைபேசியில் எடுத்தார். குரல் இறங்கிக் கிடந்தது. மோட்டலில் அவரோடு ஒரே அறையில் தங்குவதாக இருந்த பெவன், நல்ல மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாராம். டவ்போக்காரர் தன் மனைவியையும் கூட்டி வந்து, அவளை மூன்று தரம் அறிமுகப்படுத்தினாராம், மூன்றாம் தரம் அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டாராம். சாப்பாட்டு மேசையில் இவருக்கு இரண்டு பக்கத்துக் கதிரையும் காலி.

"என்னில ஏதும் பிழையோ தெரியேல்லை, குணம். நான் வந்திருக்கக் கூடாது."

இத்தனை நாள் தூணுக்குப் பின்னால் நின்ற மனிதர், வெளியே வந்த முதல் நாளே இப்படியா? ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

"வெள்ளைக்காரர் முதல் நாள் உப்பிடித்தான், கூச்சம்," என்றாள். "நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கோ. நாளைக்குப் பாருங்கோ, எல்லாரும் உங்களுக்குத்தான் கை தூக்குவினம்."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள். இத்தனை பேருக்கு எண்பத்தெட்டுப் போட்ட மனிதனை எவன் தோற்கடிப்பான்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கார் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு நல்லசாமியும் இறங்கினார். மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, போன மாதம்தான் வானொலிப் பரீட்சை பாஸ் பண்ணிக் கழகத்தில் சேர்ந்தவர். கூட்டத்துக்கு ஞாயிறு காலைதான் போய், இவரோடு திரும்பியிருந்தார்.

"ஒருத்தர்கூட எதிர்க்கலக்கா," என்றார் நல்லசாமி. "அண்ணன்தான் இனிமே பொறுப்பாளர்."

ஆனந்தராசா கதிரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து அவள் கேட்டதில்லை. டெஸ்மண்ட் எழுந்து ஒரு பேச்சுப் பேசினாராம். இந்தக் கழகத்தில் யாரும் தன் மனதை மறைக்க வேண்டியதில்லை, எந்த மனிதரும் எந்த மனிதர் மீதும் அன்பு வைக்கலாம், அதை எல்லார் முன்னாலும் எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், அது நம் ஆனந்தராசாவிடம் இருக்கிறது என்றாராம். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியதாம். பெவன் வந்து, அறை மாறியதற்கு மன்னிப்புக் கேட்டுக் கைகுலுக்கினாராம். டெஸ்மண்ட் இவரைக் கட்டிப்பிடித்து, தன்னால் நல்ல நண்பனாக மட்டுமே இருக்க முடியும், ஆனால் கடைசிவரைக்கும் இருப்பேன் என்று சொன்னாராம்.

"கண் கலங்கிப் போச்சு மனுசனுக்கு," என்றார் ஆனந்தராசா. "நான் என்ன செய்தன் எண்டுதான் விளங்கேல்லை. ஆனா குணம், என்ட சீவியத்தில எனக்காக ஆக்கள் எழும்பி நிண்டது இதுதான் முதல் தரம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு அது. குணவதி தன் புருஷனை ஆசை தீரப் பார்த்தாள். பெருமையில் அவளுக்குப் பேச்சு வரவில்லை, அதுவும் முதல் தரம்தான்.

பிறகு அவர் கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. 'இருமல்' என்பதை அழுத்தினார், இருமல் வந்தது. முன்னைவிடத் துப்புரவாகக் கேட்கிறது என்று சொல்லிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு இந்த உலகம் இல்லை.

குணவதி நல்லசாமிக்கு வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். வெற்றியைப் பகிர ஓர் ஆள் வேண்டியிருந்தது. பட்டியல் அழிந்ததையும், இரண்டு தரம் கட்டி எழுப்பியதையும், புருஷனின் பெயரில் அரட்டைப் பெட்டியில் போய் உதவி கேட்டதையும் மெல்லிய குரலில் சொன்னாள்.

"கெட்டிக்காரிதான் நீங்க," என்றார் நல்லசாமி, வடையைக் கடித்தபடி.

"அந்தப் பெவன் எங்கட ஆளோ, தம்பி? வசனத்துக்கு வசனம் ஓம் எண்டு எழுதுறார்."

நல்லசாமி சிரித்தார். "அது ஓம் இல்லக்கா, ஓஎம். ரேடியோக்காரங்க ஒருத்தரையொருத்தர் மரியாதையாக் கூப்பிடுறது. நம்ம 'பெரியவரே'ங்கிற மாதிரி."

குணவதி கொஞ்சமும் அசரவில்லை. ஒரு சொல் பிழைத்தால் என்ன, வேலை முடிந்ததுதானே? இத்தனை உதவி செய்தவர்களைச் சும்மா விடவில்லை, அவர்கள் எழுபத்துமூன்று போட்டாலும் தான் தாராளமாகவே போட்டதாகச் சொன்னாள்.

"எழுபத்துமூணா?" நல்லசாமி மறுபடி சிரித்தார். "அதை மார்க்குன்னு நெனச்சீங்களா? தந்தி காலத்துக் குறி அக்கா அது. எழுபத்துமூணுன்னா 'என் வணக்கங்கள்'. போகும்போது எல்லாரும் எல்லாருக்கும் போடுறதுதான்."

குணவதி ஒரு கணம் யோசித்தாள். சரி, வணக்கம். அப்படியென்றால் அவள் போட்டது அதைவிடப் பெரிய வணக்கமாக இருக்கவேண்டும். அதுவும் நல்லதுதான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"நான் எண்பத்தெட்டெல்லோ போட்டனான்," என்றாள். "எல்லாருக்கும் ஒண்டு. டவ்போக்காரற்ற மனுசிக்கும் ஒண்டு. டெஸ்மண்டுக்கு மட்டும் ரெண்டு."

நல்லசாமியின் கையிலிருந்த வடை வாய்க்குப் போகவில்லை. ஹெட்போனுக்குள் இருமலைக் கேட்டுப் புன்னகைத்துக்கொண்டிருக்கும் ஆனந்தராசாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எண்பத்தெட்டு புருஷன் பொண்டாட்டி மட்டும் போட்டுக்கறது அக்கா," என்றார். "முத்தம்."